உறுப்பினர் எண் 112

செவ்வூரணிப்பட்டி,
புதுக்கோட்டை மாவட்டம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் நிலவழகனுக்கு ஆத்தா எழுதுவது. நானும் மூன்று மாடுகளும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லை என்கிறாய். அதனால் லீவு முடிந்து அங்கு திரும்பும் கார்முகில் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பால் சங்கத்துக்குத் தேர்தல் வருகிறது. காலையில் கேனோடு வரிசையில் நிற்பது பொம்பளைகள். நிர்வாகக் குழுவில் உட்காருவது ஆம்பளைகள். ராக்காயிக்கு மட்டும் ஒரு நாற்காலி உண்டு. கூட்டத்தன்று அதில் அவள் புருஷன் உட்காருவான்.

பால் சோதிக்கும் மெஷினைக் கழுவாமலே அடுத்த பாலை ஊற்றுகிறார்கள், சத்துக் குறைவாகக் காட்டுவது அதனால்தான் என்று போன கூட்டத்தில் எழுந்து சொன்னேன். தலைவராக இருக்கும் உன் சித்தப்பா நாகராசு, “மதினி, நீங்க மாட்டப் பாருங்க, மெஷின நாங்க பாத்துக்கிறோம்” என்றார். செயலாளர், “நீங்க உறுப்பினரே இல்லையே, இங்கிட்டு வந்து எப்புடிப் பேசுறீங்க?” என்றார். பொம்பளைகளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் சொன்னது பொய்யில்லை. உன் அப்பா இறந்தபோது, உறுப்பினராக யார் பேரை எழுதுவது என்று கேட்டார்கள். ஆம்பளைப் பிள்ளை இருக்கும்போது என் பேர் எதற்கு என்று சொல்லி உன் பேரை எழுதச் சொன்னதும், கைநாட்டு வைத்ததும் நானேதான். எழுதப் படிக்கத் தெரியாத காலம். பிறகு சங்கத்து ரசீதையும் நோட்டீஸையும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். இப்போது விதிப் புத்தகம் முழுதும் படித்தாயிற்று. நீ விலகி எழுதிக் கொடுத்தால் அந்த இடம் எனக்கு வரும். நான் தேர்தலில் நிற்கலாம்.

நேற்று செயலாளர் மேசையில் ஒரு தாளைப் பார்த்தேன். நாகராசுவை முன்மொழிகிறேன் என்று நீ போட்டு அனுப்பிய கையெழுத்து, கீழே எண் 112. அந்த எண்ணில் பதினோரு வருசமாகப் பால் ஊற்றுவது நான்.

சித்தப்பாவைப் பகைக்க முடியாது என்பாய். நானும் அவர் கொல்லை வழியாகத்தான் மாட்டை ஓட்ட வேண்டும். பக்கத்தில் வேறு சங்கமும் கிடையாது. நான் எங்கே போவேன்?

விலகல் கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பு. இருபதாம் தேதிக்குள் என் பேர் ஏறாவிட்டால் இன்னும் ஐந்து வருசம் போய்விடும். எனக்கு இப்போதே அறுபத்தொன்று.

போடாவிட்டாலும் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அய்யா, நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். கையெழுத்தைப் போட்டுவிடு.

உன் ஆத்தா,
மீனம்மாள்