பதினேழாம் லோடின் முதல் குண்டு

அன்பு மாமு ஜெரால்டு,

ராயபுரத்தில் எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் மூன்று நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், நடந்தால் எதற்கு நடக்கிறேன் என்பது மறந்துவிடுகிறது. இதையும் பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. நம் ரைபிள் கிளப் கமிட்டி உன் பெரிய ரைபிளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. குழலை அடைத்து, வார்னிஷ் பூசி, வரவேற்பறைச் சுவரில் மாட்டப் போகிறார்கள். அதற்குத் தோட்டா விற்கும் கம்பெனி இன்று எங்கும் இல்லை. கிளப் உரிமத்தில் ஈயம் வார்த்து அதற்குத் தோட்டா செய்யத் தெரிந்த ஒரே ஆள், துப்பாக்கிகளைப் பராமரித்த நீ. நீயும் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அது நம் பாரம்பரியம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஒரு பொருளை இனித் தொடப் போவதில்லை என்றானதும் அந்தப் பெயரை வைப்பது நம் வழக்கம்தானே. கீழே பதிக்கும் பித்தளைத் தகட்டுக்கு இரண்டு வரி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதை எழுத முடியாமல்தான் இந்த அலைச்சல்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஒரே ஆசைக்குக் கொடுத்தாய். ஐந்து குண்டும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழ வேண்டும். ஈயக் கலவை, எடை, வெடிமருந்தின் அளவு, இந்தச் சேர்மானத்துக்கு லோடு என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். காசிமேட்டு மீன்வலையில் கட்டும் ஈயத்தை உருக்கினாய். தண்டையார்பேட்டையில் மூடிப்போன அச்சகத்தின் ஈய எழுத்துகளை வாங்கி உருக்கினாய். என் முதல் புத்தகம் அந்த எழுத்துகளில்தான் அச்சானது. என் எழுத்து ஓர் இலக்கை நோக்கிப் போனது அப்போதுதான்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் காற்றைக் கணிப்பாய். ஒவ்வொரு முறையும் ஐந்து குண்டைச் சுடத் தொடங்குமுன், உள்ளே விட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை குழலைத் துடைப்பாய். கண்ணில் புரை இருந்ததால் தூரத்து ஓட்டை உனக்குத் தெரியாது. தொலைநோக்கியும் நோட்டும் என்னிடம்.

"நீதான் ரைட்டராச்சே மாமு, நீயே எழுது" என்றாய். எழுதுகிறவனை நம்பி ஒரு நோட்டைக் கொடுத்தது நீ செய்த ஒரே தவறு.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நீ திரும்பி வந்த முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா? பதினேழாம் லோடு. அதுவரை எல்லா லோடும் காகிதம் முழுக்கச் சிதறித்தான் போயிருந்தது. அன்றும் முதல் குண்டு இடது ஓரத்துக்குப் போனதைப் பார்த்தேன். அடுத்த நான்கும் நடுவில் ஒரே ஓட்டை. காகிதத்தை எடுத்து வர நடந்தேன். திரும்பிப் பார்த்தால் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். பையில் ஓட்டை அடைக்கும் ஒட்டுத்தாள் இருந்தது. ஓரத்து ஓட்டையில் ஒன்றை ஒட்டினேன். "அஞ்சும் ஒரே ஓட்டை" என்று நோட்டில் எழுதினேன்.

நீ ஆடினாய். டாக்டர் ஆடக் கூடாது என்றிருந்தார்.

பிறகு நாலு வருடம். செய்த லோடு எல்லாவற்றிலும் ஒரு குண்டு விலகியது. அதை ஒழுங்காக எழுதினேன். ஆனால் அது எத்தனையாவது குண்டு என்று மட்டும் எழுதவில்லை. எழுதினால் பதினேழின் பொய்யும் அம்பலமாகும். "பதினேழுல இப்டி ஆவலியே மாமு, இப்ப மட்டும் இன்னாத்துக்கு ஆவுது?" என்று கேட்டு, கலவையை மாற்றி மாற்றிக் கரைந்தாய்.

போன வாரம் உன் பெண்டாட்டி ஸ்டெல்லா என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள். "ஒம்போது வருசம் என்கூட ஞாயித்துக்கெழம பூசைக்கு வரல அண்ணே அந்த ஆளு. நெனச்சது ஆச்சா, ஆவலியா? அத்த மட்டும் சொல்லு."

உன் டப்பாவில் ஐந்து தோட்டா மிச்சம் இருந்தது. மேலே உன் கையெழுத்தில் "திரும்பவும் 17". குழலை அடைக்குமுன் சுட்டுப் பார்க்கக் கமிட்டி சம்மதித்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் வியாசர்பாடி வசந்தி சுட்டாள். நான் உன் முறைப்படி குழலைத் துடைத்துக் கொடுத்தேன். முதல் குண்டு இடது ஓரம். அடுத்த நான்கையும் ஒரு நாணயம் மூடியது.

"போச்சு" என்றேன்.

"இன்னா போச்சு? சூப்பரா கீது சார்!" என்றாள். "நீ கண்ணாடி மாதிரி தொடைச்சிக் குடுத்தா மொத குண்டு எப்டி நேரா போவும்? ஈயக் குண்டுல தடவுன மெழுகு உள்ள படியணும்ல? மொதலு அதுக்குத்தான். அப்பால வர்றதுதான் கணக்கு. பெரியவருக்கு இது தெரியாதா?"

தெரிந்திருக்கும், மாமு. நோட்டில் ஒரு வரி உண்மை இருந்திருந்தால்.

நேராக ஸ்டெல்லாவிடம் போனேன். அந்தப் பதினேழாம் லோடுக் காகிதம் அங்கே கண்ணாடிச் சட்டத்தில், திருஇருதயப் படத்துக்குக் கீழே தொங்குகிறது. "ஆச்சு தங்கச்சி. பதினேழுலயே ஆச்சு."

"அப்பால எதுக்கு நாலு வருசம் லோலுபட்டாரு?"

சொன்னேன். டீ கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள், எனக்கு ஊற்றவில்லை. சட்டத்தைக் கழற்றி, ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"அடப்பாவி அண்ணே! ஃபாதராண்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணு."

"நான் கும்பிடாத சாமிகிட்ட எப்படிம்மா?"

"அப்ப அவருக்கே எழுது. ஊரையே நக்கல் பண்ணி பேப்பர்ல எழுதுறல்ல? அதுலயே எழுது. நாலு பேரு படிக்கட்டும்."

எழுதிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன்: அன்றே விஷயம் புரிந்திருந்தால், அடுத்த ஞாயிறு நீ எங்கே போயிருப்பாய்? பூசைக்கா? அந்த நாலு வருடத்தில் ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்தாயா? இதில் எனக்கு ஆறுதல் தேடிக்கொள்ள ஸ்டெல்லா தடை விதித்திருக்கிறாள். தடை நியாயமானது.

நோட்டில் பதினேழாம் பக்கத்தை அடித்துத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி உனக்கு ஒரு வாக்கு. பித்தளைத் தகட்டில் பாரம்பரியம் என்ற சொல் வராது. கமிட்டி என்ன சொன்னாலும் அதில் இரண்டு வரிதான் இருக்கும்: "இந்த ரைபிளை ஜெரால்டு நேராகச் சுடவைத்தார். குறிப்பெடுத்தவன் தவறாக எழுதினான்."

உன் மச்சான்,
ஸ்டெல்லா இன்னும் டீ கொடுக்காத அண்ணன்,
தாமு