தந்தியில் விடுபட்ட சொல்

அல்ஜியர்ஸ்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்பும் மரியாதையும் நிறைந்த லக்தர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களையும் மெபாரக்கா மதினியையும் அல்லாஹ் தன் காவலில் வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஸ்லிமான் நலம்தான். நீங்கள் அனுப்பிய பேரீச்சம்பழத்தை விருந்தாளிக்குக்கூடக் காட்டாமல் ஒளித்துவைத்துத் தின்கிறார். கேட்டால், "மச்சான் எனக்குத்தானே அனுப்புனாரு, உனக்கென்ன" என்கிறார். மழை விட்டபாடில்லை, துவைத்த துணி காயவில்லை. நான்தான் நன்றாக இல்லை.

ஆயுள் முழுக்க அஞ்சலகத்தில் இருந்த உங்களுக்குத் தபால்தலை இல்லாத கடிதம் வருகிறது. கோபப்படாதீர்கள். தபாலில் போட்டால் எப்போது வருமென்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இன்று மாலை பெனி அப்பெஸுக்குப் புறப்படும் தய்யிபின் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன். என் ஆய்வுக்கூட எலிகளுக்கு நீங்கள் குத்தாஃப் கீரை கட்டியனுப்பும் அதே பேருந்து. "உங்கண்ணன் மூட்டைய ஏத்தி ஏத்தி என் வண்டி முழுக்க உப்புக்கீரை வாசம். பயணிங்க ஆட்டுத்தொழுவத்துல உக்காந்த மாதிரி இருக்குங்கறாங்க" என்று இந்த முறையும் தய்யிப் பாடத் தொடங்கினார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

குத்தாஃப் மருந்தில்லை என்று தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேனே அண்ணா. "ஹூரியா, உன் பக்கத்துல எவனோ ஆஸ்பத்திரிக்காரன் நின்னு சொல்லச் சொல்றான். எனக்குத் தெரியாதா உன் குரலு? ரேடியோவுல தைரியமாப் பேசுனியே, அதுதான் நீ" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டபோது மதினிதான் எடுத்தார். இன்சுலினைத் தொட்டு வாரக்கணக்கில் ஆகிறது, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறீர்கள், இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை, வலது கால் கட்டைவிரல் கறுத்திருக்கிறது என்று அழுதார். பெஷார் மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் கெஞ்சியதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் சொன்னார். "தம்பி, நீ நேத்து முளைச்ச டாக்டரு. என் தங்கச்சி டாக்டருக்கெல்லாம் டாக்டரு. அவ சொல்லிட்டா, குத்தாஃப் போதும்னு."

கைபேசியைக் கீழே வைத்ததும் காகிதம் தேடி எடுத்தேன்.

போன் பேச்சு காற்றோடு போய்விடும், கையால் எழுதியதற்குத்தான் எழுதியவன் பொறுப்பு என்பீர்கள். இதோ கையால் எழுதுகிறேன். என் பக்கத்தில் யாரும் இல்லை. கணினியில் தட்டித் தட்டிக் கையெழுத்து கோழி கிளறியது போல ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நான் டாக்டர் இல்லை. பட்டம் பொய்யில்லை, ஆய்வுக்குக் கொடுத்த பட்டம் அது. ஊசி பிடிக்கவோ மருந்து எழுதவோ எனக்கு உரிமையும் கிடையாது, அறிவும் கிடையாது. ஆராய்ச்சி செய்கிறவளுக்கும் வைத்தியம் செய்கிறவருக்கும் நம் ஊரில் ஒரே பெயர் இருந்துவிட்டது. அதை நான் திருத்தியிருக்கலாம். பெருநாளைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் உங்கள் கூடத்தில் பெண்கள் பரிசோதனைச் சீட்டோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். தேநீர்த் தட்டை வைத்துக்கொண்டு நீங்கள் "தள்ளுங்க, டாக்டரம்மா மூச்சு விடட்டும்" என்று அதட்டுவீர்கள். நானும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தச் சீட்டுகளைப் பார்ப்பேன். தலையை ஆட்டுவேன். உங்கள் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அது பிடித்திருந்தது.

வானொலி விஷயத்துக்கு வருகிறேன். அன்று நான் பேசியது இது. மணல் எலி குத்தாஃப் தின்னும்வரை அதைச் சர்க்கரை அண்டாது. கூண்டில் வைத்துச் சாதாரணத் தீவனம் கொடுத்தால் வந்துவிடும். முற்றிய பிறகு குத்தாஃபைத் திருப்பிக் கொடுத்தாலும் பயனில்லை. மனிதர் உடம்பு வேறு, யாரும் இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. இவ்வளவும் சொன்னேன். ஒலிபரப்பில் வந்தது முதல் வாக்கியம் மட்டும். உடனே பாட்டு போட்டுவிட்டார்கள். நேரம் போதவில்லையாம்.

அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒலிபரப்பானபோது நானும் கேட்டேன். வெட்டிவிட்டார்கள் என்று அந்த நொடியே தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் கூப்பிட்டீர்கள். "கடைத்தெரு முழுக்க உன் குரலுதான்டி, காப்பிக் கடையில நின்னுட்டே கேட்டாங்க" என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

இதில் என்னை அறுப்பது எது தெரியுமா? என் வேலையே இதைப் பற்றியதுதான். செல்லுக்குள் மரபணுவிலிருந்து ஒரு செய்தி நகலாகி வரும், ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்த நகலில் வேண்டாத துண்டுகள் நிறைய இருக்கும். அவற்றை வெட்டியெறிந்து வேண்டியதை ஒட்டினால்தான் செய்திக்கு அர்த்தம். நோயுற்ற எலியின் கணையத்தில் அந்த வெட்டும் இடம் பிசகிப்போகிறது. வைத்திருக்க வேண்டியதை எறிந்துவிடுகிறது. ஒருமுறை உங்களிடம் விளக்கியபோது, "அட, வேண்டாத வார்த்தைய வெட்டுற தந்திக்காரன் வேலைன்னு சொல்லு. இதுக்கா இத்தனை வருசம் படிச்ச?" என்று சிரித்தீர்கள். எலியின் செல்லில் ஒரு துண்டு விடுபட்டால் தூக்கமில்லாமல் தேடுகிறவள், என் வாயிலிருந்து வந்ததில் பாதி விடுபட்டபோது சும்மா இருந்தேன்.

இனி எழுதப்போவதுதான் கடினம். "இத்தனை வருசமா பொறி வச்சுப் புடிக்கிறேன், ஒரு எலிக்காவது சர்க்கரை வந்து பார்த்திருக்கேனா?" என்று மதினியிடம் கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. நீங்கள் பார்த்ததில்லை. நான் காட்டவில்லை.

ஆற்றுப்படுகையில் நீங்கள் பிடிக்கும்போது அவை எல்லாம் நலமாகத்தான் இருந்தன. கொழுகொழுவென்று, கண் பளபளவென்று என்னிடம் வந்தன. ஒவ்வொரு முறை பேசும்போதும் "பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்பீர்கள். "நல்லா இருக்காங்க அண்ணா" என்பேன். அண்ணா, அவற்றில் பாதிக்குத்தான் நீங்கள் அனுப்பிய குத்தாஃப். மறுபாதிக்கு வேண்டுமென்றே மாவுத் தீவனம் கொடுத்தோம், நோய் வரவேண்டும் என்று. வந்தது. தண்ணீர்ப் புட்டியை விட்டு நகரவே இல்லை. மெலிந்தன. கண்ணில் வெள்ளை விழுந்தது. முற்றிப்போன சிலவற்றுக்கு உங்கள் மூட்டையிலிருந்தே குத்தாஃப் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஆசையாகப் பாய்ந்து தின்றன. தின்றுகொண்டிருந்தவைதான் ஒவ்வொன்றாகச் செத்தன. மிச்சமிருந்தவற்றை நானே முடித்து, கணையத்தை எடுத்தேன். என் பட்டம், பதவி, கட்டுரைகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை. உங்களுக்கு மனசு தாங்காது என்று மறைத்தேன். நீங்களோ அந்த "நல்லா இருக்காங்க"வை நம்பி உங்கள் உடம்பையே பணயம் வைத்துவிட்டீர்கள். மதினி சொன்ன தாகத்தையும் மெலிவையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். கூண்டுக்குள் பார்த்தேன்.

இன்னொன்று. எலி குத்தாஃபை அப்படியே தின்னாது, மேலே இருக்கும் உப்பைப் பல்லால் சுரண்டித் துப்பிவிட்டுத்தான் தின்னும். எனக்குக் காட்டிக்கொடுத்ததே நீங்கள்தானே. நீங்களோ உப்போடு சட்டியில் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறீர்கள். எலிக்கு இருக்கும் சூதானம் என் அண்ணனுக்கு இல்லையே என்று கோபமும் வருகிறது. மன்னியுங்கள், கோபப்பட எனக்கு முகம் ஏது?

வானொலிக்காரர்களிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே மறுபடி பேசுகிறேன், இந்த முறை நேரடி ஒலிபரப்பு, வெட்ட முடியாது. டாக்டர் என்று அறிமுகப்படுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். நம் தெருவில் இன்னும் யார் யார் வீட்டில் சட்டி கொதிக்கிறதோ தெரியவில்லை. வானொலியைவிட உங்கள் வார்த்தைக்குத்தான் அங்கே மதிப்பு. நீங்கள் ஊசி போட்டுக்கொண்டால் அவர்களும் போட்டுக்கொள்வார்கள். பெஷாருக்குச் செவ்வாய்க்கிழமைதான் விமானத்தில் இடம் கிடைத்தது. வந்துவிடுவேன். அதுவரை உங்கள் விரல் காத்திருக்காது. கடிதம் கிடைத்ததும் மதினியோடு மருத்துவமனைக்குப் போங்கள். அந்த இளம் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். அவர்தான் டாக்டர்.

உங்களை ஊரில் "ஓடுற தந்தி" என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று மறந்திருக்கமாட்டீர்கள். வஹ்ரான் மருத்துவமனையிலிருந்து யாருக்கோ வந்த தந்தி, உடனே வரத் தேவையில்லை என்று. எழுதும்போது "இல்லை" என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். அந்தக் குடும்பம் மாரில் அடித்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு உறைத்தது. செருப்பு ஒன்று அறுந்து விழ, பேரீச்சந்தோப்பு வளைவுவரை பேருந்தின் பின்னால் ஓடி, தகரத்தைத் தட்டி, "ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, இறங்குங்க! தப்பு என்னோடது, இறங்குங்க!" என்று கத்தினீர்கள். ஊரே சிரித்தது. நீங்கள் வெட்கப்படவில்லை. தப்பா எழுதுனவன்தான் ஓடணும் என்றீர்கள்.

இப்போது பேருந்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள் அண்ணா. பின்னால் ஓடி வருவது நான். எனக்கு உங்களைப்போல ஓடிப் பழக்கமில்லை, தாமதமாகத்தான் புறப்பட்டேன். நான் தட்டுவது கேட்கிறதா? தப்பு என்னோடது. இறங்கிவிடுங்கள்.

உங்களுக்காகக் கையேந்தி நிற்கும்
தங்கை
ஹூரியா.
பெயருக்கு முன்னால் இனி எதுவும் போட வேண்டாம்.