சமையலறையில் பாட்டு பிந்துகிறது

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வரை கணுக்கால் தண்ணீர். ரயில் தாமதம். கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் கன்வேயர் மோட்டார் மறுபடியும் சூடு. மெயின்டனன்ஸில் வேறு ஆளே இல்லாததுபோல் எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தார்கள்.

மாலை தினேஷ் போன். ஒரே மகன், கடம்பத்தூரில் தனிக்குடித்தனம். ஞாயிறு வந்து வீடு முழுக்கப் பாட்டுப் பெட்டி மாட்டித் தருகிறானாம். ஹால், சமையலறை, படுக்கையறை. நெட் வழியாக மூன்றிலும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில்.

"ரெண்டு கம்பெனி லிங்க் அனுப்பிகீறேன் நைனா. எது நின்னு உழைக்கும்னு பாத்து சொல்லு. இப்ப கீறது வேஸ்ட்டு. கிச்சன்ல பாட்டு லேட்டா வர்து, காதுக்கு ஒரே பேஜாரு."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

இப்போது இருப்பதும் அவன் வாங்கித் தந்ததுதான். இரண்டு ப்ளூடூத் பெட்டி, வேறு வேறு கம்பெனி. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று. ஹாலில் வருவது சமையலறையில் ஒரு சொல் பிந்தி வரும். அவனுக்கு அது கோளாறு.

அவன் அம்மா வசந்தாவுக்கு எந்தப் பாட்டுக்கும் வரி தெரியாது. பாடாமலும் இருக்க மாட்டாள். ஹாலில் பாடகி பாட, அதைக் கேட்டுக் கேட்டு அடுப்படியிலிருந்து பின்னாலேயே பாடுவாள். எப்போதும் ஒரு சொல் தாமதம். மாசியில் கண்ணை மூடிவிட்டாள். சித்திரையில் இந்தப் பெட்டிகள் வந்தன. முதல் நாள் பாட்டுப் போட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டிதான். தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மோட்டாரும் வயரும் பார்ப்பவன். தெரிந்தும், பாட்டு ஓடும்வரை ஹாலை விட்டு நகர்வதில்லை. சமையலறைக்குள் போனால் பெட்டி கண்ணில் படும்.

5, புதன்

மழை விட்டது. கொசு. வாங்க: கொசுவத்தி, பால், பல்பு.

லிங்க் பார்த்தேன். கேட்க வேண்டியவை:
– கரண்ட் போய் வந்தால் மூன்றும் தானாகச் சேருமா, ஒவ்வொன்றின் காலிலும் விழ வேண்டுமா?
– சமையலறைச் சுவர் தாண்டி வைஃபை எட்டுமா?
– சர்வீஸ் இங்கேயா, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடணுமா?

முதல் கம்பெனி: சத்தம் பிரமாதம். கரண்ட் போனால் தகராறு, வாங்கியவர்கள் ஒரே புலம்பல். இரண்டாவது: தானாகச் சேரும், மூன்றும் பிசகாமல் ஒன்றாகப் பாடும். எதிலும் நொட்டை சொல்லும் எனக்கே சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

6, வியாழன்

சாயங்காலம் பாட்டு ஓடும்போது பக்கத்து வீட்டு செல்வி, காம்பவுண்ட் சுவருக்கு மேல் தலையை நீட்டி:

"இன்னாணா, ஊட்ல யாரு வந்துகீறாங்க? கிச்சன்ல பொம்பள கொரலு கேக்குது."

"பாட்டும்மா."

"அது ஹால்ல கேக்குதே. நான் சொல்றது உள்ள."

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. "அண்ணி கொரலு மாரியே கீது" என்று மெதுவாகச் சொன்னாள். கொடியில் பாதித் துணியை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போ எனக்கு மட்டுமல்ல, அவளுக்கும் கேட்கிறது. பயமா சந்தோஷமா, சொல்லத் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகும் ஹாலிலேயே உட்கார்ந்து, "வசந்தா" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். குக்கர் மூடியோ ஏதோ நகர்ந்தது. பூனையாக இருக்கும்.

7, வெள்ளி

மோட்டார் மாற்றியாச்சு. லேசாகத் தலைவலி.

தினேஷிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஏன் என்பான். காரணம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவான், இல்லை கடம்பத்தூருக்கே மூட்டை கட்டிவிடுவான். அப்புறம் அவள் இங்கே யாருக்குப் பாடுவாள்?

"ரெண்டாவது கம்பெனி" என்று மெசேஜ் போட்டேன். கோழை.

9, ஞாயிறு

வெயில். தினேஷ் பெட்டிகளோடு வந்தான். நாஷ்டா கடை இட்லி. ஏணி, ட்ரில், சுவரெல்லாம் தூள். சமையலறைப் பழைய பெட்டியைக் கழற்றி அட்டைக்குள் போட்டான். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டுப் போட்டான். மூன்று அறையிலும் ஒரே குரல், இம்மி பிசகில்லை. பாடகி பாடினாள், அவ்வளவுதான். பின்னால் யாரும் இல்லை. அவளை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தது.

"நல்லா கீதுடா" என்றேன்.

தினேஷ் சமையலறை வாசலில் நின்றான். பாட்டை நிறுத்தினான், முதலிலிருந்து போட்டான். மறுபடி நிறுத்தினான்.

"இன்னா நைனா, உள்ள காலியா கீது."

"எது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் எதையோ தேடினான். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகத் தாமதம் வைக்க ஆப்பில் வழி இருக்கிறதாம். எல்லாரும் தாமதத்தை எடுக்கத்தான் அங்கே போவார்களாம். சமையலறை என்று இருந்ததைத் தொட்டான். கட்டைவிரல் அதன்மேலேயே நின்றது.

"அம்மா எவ்ளோ லேட்டா பாடும்?"

இவனுக்கும் கேட்டிருக்கிறது. இத்தனை மாதமும். அதைத்தான் பேஜாரு என்றிருக்கிறான்.

பாட்டு ஓடியது. விரலை மெதுவாக நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன். "இன்னும் கொஞ்சம்டா."