இடி கேட்ட சத்தம்

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் மலை ஆஸ்பத்திரியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் உன் பேச்சு பாதியில் அறுந்துபோய், நான் மட்டும் ‘ஹலோ ஹலோ’ என்று சுவரோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதனால்தான் கடிதம். அவள் நன்றாக இருக்கிறாள். என் சமையலுக்குக் குற்றம் கண்டுபிடிக்கும் அளவுக்கு நன்றாகவே இருக்கிறாள்.

சேதியெல்லாம் டிப்போவில்தான். பயணிகளிடம் மரியாதையாக நடந்துகொள்ளப் பஸ் ஊழியர்கள் அத்தனை பேரையும் பழக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், பயிற்சி அதிகாரி என்பதால் அது என் தலையில் விழுந்ததும் உனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வகுப்பைத் தொடங்கினேன். “நமக்குப் பல்லைக் காட்டச் சொல்லித் தர வந்துட்டாருப்பா” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் டிப்போவில் ‘இடி’ என்று ஒரு கண்டக்டர் உண்டு. அவர் டிக்கெட் கேட்டால் அடுத்த பஸ்ஸில் இருப்பவர்கூடப் பையைத் துழாவுவார். அப்படி ஒரு குரல். வருகிற புகார்களில் முக்கால்வாசி அவர்மேல்தான். கத்துகிறார், கேட்டால் பதில் சொல்வதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, “உங்க வகுப்புல இவரு திருந்தலேன்னா பஸ்ஸை விட்டு இறக்கி, ஷெட்டுல உட்கார வெச்சிடுவேன்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வகுப்பில் ஒரு நாள் நாடகம் போல நடத்தினோம். இடி கண்டக்டர், நான் பயணி. அவருக்குப் பின்னால் நின்று, “இந்த பஸ் ஆஸ்பத்திரி வழியா போகுமா?” என்று கேட்டேன். அவர் திரும்பவே இல்லை. “பஸ்லயும் இதே கதைதான் சார்!” என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து இடியும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளச் சிரிக்கும் சிரிப்பு அது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பாய். எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

முன்கூட்டிச் சொல்லாமல் அவர் பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண், மார்க்கெட் ஸ்டாப் வந்தால் சொல்லுங்கள் என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். பதில் இல்லை. ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. அவள் சண்டைக்கு வந்ததும் இவர், “முன்னாடியே வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?” என்று இடித்தார். ஆனால் விசிலடித்து, நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி, குழந்தையைத் தானே வாங்கி இறக்கிவிட்டு, அவள் சாலையைக் கடக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார். புகார் எழுதுகிறவர்கள் இதையெல்லாமா எழுதுவார்கள்?

கடைசி ஸ்டாப்பில் டீ குடிக்கும்போது அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவர் பாட்டுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எழுந்து எதிரில் போய் நின்று, காது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லப் பேசினார். “சார், வெளிய சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இறக்கிடுவாங்க. ஷெட்டுல இரும்பைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. எனக்கு நாலு ஜனங்க முகத்தைப் பாக்கணும் சார்.”

ஜனங்களைக் கண்டாலே எரிந்து விழுகிறார் என்று நாங்கள் முத்திரை குத்தியவர் சொன்னது இது.

என்ன செய்வது என்று இரண்டு நாள் குழம்பினேன். மூடி மறைத்தால் ஒரு நாள் இல்லை ஒரு நாள் அவர் விசில் தப்பாகி யாராவது படியிலிருந்து விழலாம். சொன்னால் நம்பிச் சொன்னவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். கடைசியில் அவரிடமே போய், “நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்” என்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

மேலாளர் அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “பயணி சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்கன்னு வகுப்பு எடுத்தோமே சார், அந்தக் காதை ஒருத்தராவது பாத்தோமா?” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த வாரமே காது டாக்டரை வரவழைத்து எல்லோருக்கும் பரிசோதனை. பழைய வண்டிகளில் என்ஜின் பக்கத்திலேயே காலம் தள்ளியவர்களில் இன்னும் சிலருக்கும் காது மந்தம் என்று தெரிந்தது. பின்வரிசைக் கிண்டல்காரரும் அதில் ஒருவர்!

இடிக்குக் காதுக் கருவி பொருத்தி, டாக்டர் சரியென்று சொல்லும்வரை பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். இப்போது பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். முதல் நாள் நேராக என்னிடம் வந்து, “சார், என்னை இடின்னா கூப்பிடறாங்க? நான் ஏதோ பட்டப்பேரு இருக்குன்னுதான் நெனச்சேன், இவ்வளவு மோசம்னு தெரியாது” என்று குறைப்பட்டுக்கொண்டார். நேற்று அவர்மேல் மறுபடி ஒரு புகார். ஸ்டாப் பெயரை ரகசியம் மாதிரிச் சொல்கிறாராம், காதில் விழவில்லையாம். மேலாளர் அம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், வராந்தாவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

வகுப்புக்கும் இப்போது ஆட்கள் தாமாகவே வருகிறார்கள். என்னையும் நாலு பேர் என்ன ஏது என்று விசாரிக்கிறார்கள். மனசு நிறைவாக இருக்கிறது.

இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். மலையில் உன்னை விட்டால் அந்த ஜனங்களுக்கு வேறு நர்ஸ் இல்லை என்பது எனக்கும் புரிகிறது. நீ எந்த முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம். இதைச் சொல்லத்தான் கடிதம் எழுதவே உட்கார்ந்தேன். சொல்லியாயிற்று.

நம் அறைக்கு வண்ணம் அடிக்க ஆள் வந்தார். என்ன நிறம் என்று கேட்டார். வீட்டுக்காரம்மா வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் பொறுங்க என்று அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர், பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

குளிருக்குக் கனமாகப் போர்த்திக்கொள். நன்றாக இரு.

உன்னுடைய,
வாத்தியார்