மூன்று பக்கத்துக்கும் ஒரே போன் நம்பர்

பாப்பா, எழுந்ததும் முதலில் இதைப் படி. குழாய்த் தண்ணீரைப் பற்றி எழுதிய பள்ளிக்கூடத்துக் கட்டுரையை அப்படியே கொடுத்துவிடாதே!

"குழாய்த் தண்ணி விஷம்னு மூணு வெப்சைட்ல போட்டிருக்குப்பா, இன்னும் என்ன வேணும்?" என்று நேற்று சண்டை போட்டாயே, அந்த மூன்றையும் விடியற்காலையில் உன் போனில் படித்தேன். நீ கற்றுக்கொடுத்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி, ஆமை மாதிரி, அடி வரைக்கும் போய்விட்டேன். மூன்றுக்கும் அடியில் ஒரே போன் நம்பர்! வாட்டர் ஃபில்டர் விற்கிறவனுடையது! மூன்று பேர் இல்லையடி, ஒருத்தன்தான். மூட்டை தூக்கிய வலியெல்லாம் பறந்துவிட்டது.

"எழுதுனது யாரு, அவருக்கு என்ன லாபம்னு பாக்கணும்" என்று டீச்சர் சொன்னதாக நீதானே சொன்னாய்?

தண்ணீரைச் சோதிக்கிற ஆபீஸின் பக்கமும் கிடைத்தது. சோதித்தவர் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. அதிலுள்ள கணக்குதான் எனக்குப் புரியவில்லை. திறந்தே வைத்திருக்கிறேன், நீ பார்.

லோடு வண்டி வந்துவிட்டது. சாவி ஜன்னலில் இருக்கிறது. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன்.

அப்பா

மறந்துவிட்டேன்: நேற்று கோபத்தில் நீ கவிழ்த்த குடத்தில் மறுபடியும் குழாய்த் தண்ணீர்தான். உண்மை தெரியும் வரைக்கும் இருக்கட்டும் என்று காய்ச்சி ஊற்றியிருக்கிறேன். இதையும் கொட்டிவிடாதே, தாயே!