தலைக்கு மேல் வைத்த பை

அண்ணே,

நீ பஸ்ஸில் தூங்கவேயில்லை என்கிறாய். அப்படியென்றால் உன் தலைக்கு மேல் வைத்த கேமரா பை எப்படிப் போனது? இருபது நாளாக எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று வேலைக்குப் போகும்போது அதே திருமங்கலம் பஸ்ஸில், சாப்பாட்டுப் பையை மேலே கம்பித் தட்டில் வைத்துவிட்டு நேர் கீழே உட்கார்ந்து பார்த்தேன். எதிர்வரிசைப் பைகள் அம்புட்டும் தெரிந்தன. என் பை மட்டும் தெரியவில்லை. பின்னால் நிற்பவர் எடுத்தால், முழித்திருந்தாலும் தெரியாது.

"கேமராவுல இருந்த, அப்பா சிரிச்ச ஒரே படத்தையும் தூங்கித் தொலைச்சிட்டியே"ன்னு அப்பா காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னாடி கத்தினேன். தப்புதான் அண்ணே. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதில் அப்பா யாரோ மாதிரி இருக்கிறார். அந்தக் கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன்.

ரசமும் துவையலும் மூடி வைத்திருக்கிறேன். இன்றைக்காவது வீட்டில் சாப்பிடு. சாவியைப் பக்கத்து வீட்டு ரோகிணி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ.

பவதாரிணி

பி.கு.: சோழவந்தான் கல்யாணத்துக்கு இரவல் கேமராவோடு போகிறாய். பையை மடியில் வைத்து, வாரைக் கைக்குள் மாட்டிக்கொள். படம் எடுத்து முடித்ததும் மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்.