சத்தியத்தை மீறிய கையெழுத்து

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு, மாரமங்கலத்திலிருந்து அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் எழுந்து நடமாடுகிறேன், அம்மாவும் உடம்புக்குச் சுகம்தான். கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் என் குரலைக் கேட்டதுமே நீ அழுதுவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். மிளகு இந்த வருடம் பரவாயில்லை. நெஞ்சில் வெட்டின இடம் இருமினால் மட்டும் வலிக்கிறது.

அன்றைக்கு நடந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து, சேலம் ஆஸ்பத்திரிக்குள் போகும்போதே எனக்கு நாடி விழுந்துவிட்டதாம். ஆபரேஷன் வரைக்கும் உயிர் தாங்க வேண்டுமானால் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷின்தான் செய்ய வேண்டும், அப்படியும் பிழைப்பது நிச்சயமில்லை என்று டாக்டர் அம்மாவிடம் காகிதத்தை நீட்டியிருக்கிறார். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மரியஅந்தோணி பெரியப்பா இருபத்தோரு நாள் மெஷினில் கிடந்து போனாரே, அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, என்னை எந்த மெஷினிலும் மாட்டக்கூடாது என்று உன் அம்மாவிடம் பைபிள் மேல் சத்தியம் வாங்கியிருந்தேன். அதை மீறித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கண் விழித்த பிறகு அதை அவளே சொன்னாள். பிழைத்துக் கிடந்தவனுக்கு வீம்பைப் பார், "அப்ப பைபிள் மேல பண்ணுன சத்தியத்துக்கு என்ன மருவாதி?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து, பாவத்தோடு வாங்கக்கூடாதென்று, அவள் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து எனக்குக் கொடுக்கும்போது அடுப்படிக்குப் போய்விடுகிறாள். பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் மனசு லேசாகும் என்று அவர் போன வாரம் சொன்னதற்கு, "ஏனுங்க சாமி, செஞ்சதுக்கு வருத்தப்பட்டாத்தானுங்களே பாவசங்கீர்த்தனம்? எனக்கு வருத்தமே வருலீங்க. நாளைக்கே காயிதத்த நீட்டுனாலும் கையெழுத்துப் போட்டுக் குடுப்பனுங்க" என்றாள். படுத்திருந்த என் காதில் விழுந்தது. கண்ணு, எனக்கிருந்த பயத்துக்கு அவளைச் சத்தியம் பண்ண வைத்தவன் நான். குற்றம் என்னுடையது. இத்தனை வருடத்தில் அவளிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை, இப்போதும் வாய் வரமாட்டேன் என்கிறது.

இந்த நோய் குடும்பத்தில் தொடரலாமாம், நீயும் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடு, தள்ளிப்போடாதே. மாதா உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அப்பா,
சூசைமாணிக்கம்

இதைத் தபாலில் சேர்க்க அம்மா நாளைக்கு ஏற்காடு பஸ் ஏறுகிறாள். கவரை ஒட்டாமல்தான் கொடுக்கப்போகிறேன். படித்துப் பார்க்காமல் ஒட்டுகிறவள் இல்லை உன் அம்மா.